தறிகள் சத்தமில்லாமல் ஓடிய ஊர்

முத்தாங்காட்டு வலசில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தறி ஓட்டும் வசந்தாமணி பட்டறை வாசலில் நின்று டீயைக் குடித்து, கூடவே ஒரு மாத்திரையையும் விழுங்கிவிட்டு உள்ளே போனாள். அவள் தன் தறிக்குப் போய் ஒரு தார் நூல் மாற்றி முடிப்பதற்குள் ஊரிலிருந்த அத்தனை விசைத்தறிகளின் சத்தமும் ஒரேயடியாக இல்லாமல் போனது. தறிகள் நிற்கவில்லை, அதுதான் விஷயம். நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்துகொண்டுதான் இருந்தது, மோட்டார் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது, துணி விரல் விரலாக வளர்ந்துகொண்டுதான் இருந்தது, எல்லாம் நடந்தது, சத்தம் மட்டும் இல்லை.

எங்கள் ஊருக்கும் வலசுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான். அந்த ஊர்ச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு, மழை வருகிறதா தறி ஓடுகிறதா என்று பிரித்தறிய முடியாத காதுகள் எங்களுடையவை. அன்றைக்குக் காலையில் நான் வாய்க்கால் மேட்டில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன், அந்தக் கரையில் ஒரு கோழி குப்பையைக் கிளறும் சத்தம் எனக்குக் கேட்டது, கையில் பிரஷ்ஷோடு அப்படியே எங்கள் ஊருக்குள் ஓடினேன்.

வலசுக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர்கள் பேசமாட்டார்கள், கத்துவார்கள். வீட்டிலும் கத்துவார்கள், கோயிலிலும் கத்துவார்கள், இழவு வீட்டில் ஆறுதலையும் கத்தித்தான் சொல்வார்கள். வீட்டுக்கு வீடு பட்டறை, பட்டறைக்குப் பட்டறை தறி, இதற்குள் நின்றுகொண்டு வேறு எப்படிப் பேசுவதாம்? அதிலும் ஒரு சௌகரியம் அவர்களுக்கு இருந்தது. தறிச் சத்தத்துக்குள் எதை வேண்டுமானாலும் பேசலாம், பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினால் கேட்க வேண்டியவருக்கு மட்டும்தான் கேட்கும், நாலடி தள்ளி நிற்பவருக்குக் கேட்காது. முதலாளி எதிரே நிற்கும்போதே முகத்தில் சிரிப்பு மாறாமல் அவரைத் திட்டிக்கொண்டு வேலை செய்வது அங்கே பரம்பரை வழக்கம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இந்தச் சௌகரியம் ஊரோடு கவிழ்ந்தது. வசந்தாமணியின் பட்டறை முதலாளி பொங்கியண்ணனை, அவருடைய தறிக்காரர் ஒருவர் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு “கஞ்சப் பிசினாறி” என்று கூப்பிட்டது நடுத்தெருவில் நின்ற காய்கறி வண்டிக்காரருக்குக் கேட்டது. மாமியாரைப் பற்றி மருமகள் கத்திய ஒரு முழு வாக்கியம் மாமியாரின் காதிலேயே போய் விழுந்தது. ஒரு பையன் தார் சுற்றும் பெண்ணிடம் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்று கத்தியதை இரண்டு பேரின் அப்பாக்களும் ஒன்றாகக் கேட்டு, வேறு வழியில்லாமல் அன்று சாயந்திரமே பூ வைத்து நிச்சயம் செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க, முதல் பெஞ்சுக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. இத்தனைக்கும் யாரும் அதிர்ந்துபோனதாகத் தெரியவில்லை. ‘என்னமோ சத்தம் நின்னுபோச்சு’ என்றார்கள், அடுத்த வேலையைப் பார்த்தார்கள். சாயந்திரம் டீக்கடையில் பால் பொங்கும் நேரத்துக்குச் சத்தம் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் மறுபடி போனது.

வசந்தாமணியின் மாத்திரைதான் காரணம் என்பதைக் கண்டுபிடித்தது அடுத்த தறி ஓட்டும் ருக்குமணியக்கா. அந்த அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. டீ, மாத்திரை, தார், அமைதி என்று வரிசையாகக் கவனித்தார், ஒரு நாள் மாத்திரை தீர்ந்துபோய் அன்று முழுக்கச் சத்தம் நிற்காததையும் கவனித்தார், ஊருக்கு அறிவித்தார். ஊர் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டது. ஒருத்தி மாத்திரை போட்டால் ஊர்த் தறிகளின் சத்தம் அடங்குகிறது, சரி, அப்படித்தானா, ரொம்ப நல்லதாகப் போயிற்று. எதற்காக அவள் மாத்திரை போடுகிறாள் என்று ருக்குமணியக்காவும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

அதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு மத்தியானம், கோன் எடுக்க நூல் ரூமுக்குப் போன வசந்தாமணியை உள்ளே வைத்து அந்தப் பட்டறை மேஸ்திரி சென்னியப்பன் கதவைச் சாத்தினான். அவள் கத்தினாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள், ருக்குமணியக்காவும் நின்றுகொண்டிருந்தார், ஒருவருக்கும் கேட்கவில்லை. அவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டு வெளியே போய் வேலையைப் பார்த்தான். அதற்குப் பிறகு தறிச் சத்தம் கேட்டாலே அவளுக்கு மூச்சு முட்டியது. எந்தச் சத்தம் அவளுடைய கூச்சலைத் தின்றதோ அந்தச் சத்தத்துக்கு நடுவேதான் தினமும் நின்று அவள் பிழைக்க வேண்டியிருந்தது. புருஷன் லாரியில் வடக்கே போகிறவன், மாசத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ஒரு நாள் பஸ் ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா அவளை உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேட்டார். உலகத்தில் அதுவரை கேட்டவர் அவர் ஒருவர்தான். அழுது முடிக்கிறவரை காத்திருந்து மாத்திரை எழுதிக்கொடுத்தார், ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதற்கு மேல் கூடாது, வாரம் தவறாமல் வந்து என்னோடு பேச வேண்டும் என்றார். இந்த மாத்திரை உன்னை நிமிர்ந்து நிற்கவைக்கும், நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்காது, சொல்ல வேண்டும் என்று உனக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ அன்றைக்குச் சொல், ஸ்டேஷனுக்கு நானும் கூட வருகிறேன் என்றார். வசந்தாமணிக்குச் சொல்ல வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் கேட்காத ஊரிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? ஊரில் யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், எதற்கு அம்மிணி மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டால் போதும், சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

ஊர் அவளிடம் எல்லாவற்றையும் கேட்டது, அதைத் தவிர. மாத்திரை வேளை என்று ஒன்று வலசில் உண்டானது. பிள்ளை பெற்றவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டி அந்த வேளைக்குத் தூளியில் போட்டார்கள். தறிச் சத்தத்துக்குப் பயந்து பெண் கொடுக்க மறுத்த ஊர்க்காரர்களெல்லாம் அந்த வேளையில் அழைக்கப்பட்டு, காற்று வாங்கிக்கொண்டு பஜ்ஜி சாப்பிட்டு, அடடா என்ன அமைதியான ஊர் என்று சம்பந்தம் பேசி முடித்தார்கள். (கல்யாணமாகி வந்த பெண்கள் சாயந்திரம் ஆனதும் மாமனார் வீட்டில் என்ன பேசினார்கள் என்பது தனிக் கதை.) கல்யாணமான நாளிலிருந்து அடுத்தடுத்த தறியில் நின்ற ஒரு புருஷன் பெண்டாட்டியில், புருஷன் வேலை செய்யும்போது பாடுவார் என்பது பெண்டாட்டிக்கு அப்போதுதான் தெரியவந்தது, அதுவும் நன்றாகவே பாடுவார். எங்கள் கரையில் ஆட்கள் வாய்க்கால் மேட்டில் பாய் விரித்து உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டோம், என்ன ஒரு காலம் அது!

வசந்தாமணியின் வீட்டுக்கு முறுக்கு வந்தது, முருங்கைக்காய் வந்தது, யார் யாரோ பரணில் கிடந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் துடைத்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் பொண்ணு பார்க்க வருகிறார்கள், அன்றைக்கு மட்டும் இன்னொன்று சேர்த்துப் போட்டுக்கொள்ளேன் என்றாள் ஒரு பெரியம்மா. மறுக்கத் தெரியாமல் அவளும் ஒரு தரம் போட்டுக்கொண்டாள், அன்று முழுக்கத் தலை சுற்றித் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றாள், அடுத்த வாரம் டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். ஊரார் தந்த அட்டைகளையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். ஊருக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

முதலாளிமார்களுக்கோ வேறு மனத்தாங்கல். குறுக்கு நூலான ஊடை அறுந்தால் தறியின் சத்தம் மாறும், ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்காமலே கை நீட்டி நிறுத்துவார், காலங்காலமாக வேலை அப்படித்தான். சத்தமே இல்லையென்றால் காதுக்கு என்ன தெரியும்? நூல் இல்லாமல் தறி பாட்டுக்கு ஓடியது, துணியில் ஓட்டை விழுந்தது. பொங்கியண்ணன் யோசித்து யோசித்துத் தறிகளுக்குச் சலங்கை கட்டினார், தறியில் கட்டியதும் சலங்கையும் ஊமையாகிவிட்டது. கடைசியில் மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம் போட்டார்கள். மெல்லிய நூலில் நைஸ் ரகம் ஓடும் காலை நேரத்தில் சத்தம் வேண்டும், ஆகவே மாத்திரையை மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போடுவது என்று பேசினார்கள், கூடாது என்றார்கள் தாய்மார்கள், சாயந்திரம்வரை வாதாடினார்கள். வசந்தாமணி தன் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு கூட்டத்தின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். எந்த நேரத்துக்கு என்பதைத்தான் ஒவ்வொருவரும் பேசினார்கள், எதற்கு என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் என்று முடிவாகி, அந்த முடிவை மைக்கில் அறிவித்தது மேஸ்திரி சென்னியப்பன்.

பிறகு காலைகள் அவளுக்கு நரகமாயின. சத்தம் முழுசாக இருந்தது, மாத்திரை மத்தியானத்தில் இருந்தது, சென்னியப்பனுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. மேற்பார்வை பார்க்கிறவன்போல வந்து அவளுடைய காதருகே நின்று கத்திவிட்டுப் போவான், ஊடையைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் உன் புருஷனிடம் உன்னைத்தான் தப்பாகச் சொல்வேன், உன்னை யார் நம்புவார்கள் என்பதுதான் தினமும். வசந்தாமணி பல்லைக் கடித்துக்கொண்டு தார் மாற்றினாள். முதலில் பயம்தான் இருந்தது. போகப்போக, அந்தப் பயத்துக்கு அடியிலிருந்து வேறொன்று அவளுக்குள் ஏறி வந்தது, பயத்தைவிட அது எவ்வளவோ நன்றாக இருந்தது, கோபம்தான் அது, சுத்தமான கோபம்.

விழுங்கியதிலிருந்து அமைதி இறங்குவதற்கு எவ்வளவு நேரம் என்பது அந்த ஊரில் அவளுக்கு மட்டும்தான் நன்றாகத் தெரியும். வாசலிலிருந்து தறிக்கு நடக்கும் நேரம், ஒரு தார் மாற்றும் நேரம், அவ்வளவுதான். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும், அது ஊருக்கே தெரியும்: கத்திப் பழகிய வாய், சத்தம் நின்ற பிறகும் ஒரு வாக்கியத்துக்கு நிற்காது. சத்தம் போனதை மூளை உணர்ந்து வாய்க்குச் சொல்வதற்குள் வாய் பாட்டுக்கு முழுசாகச் சொல்லி முடித்திருக்கும். எத்தனை பேர் அப்படி மாட்டிக்கொண்டு அசடு வழிந்திருக்கிறார்கள்!

ஆவணியில் ஒரு காலை. சென்னியப்பன் நூல் ரூம் பக்கமிருந்து அவளைப் பார்த்தபடி கிளம்பி வருவது வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த வசந்தாமணிக்குத் தெரிந்தது. மத்தியானத்துக்கான மாத்திரையை எடுத்து, கூட்டத்தில் எடுத்த முடிவு, தாய்மார், முதலாளிமார், நைஸ் ரகம் எல்லாவற்றையும் சேர்த்து டீயோடு விழுங்கினாள். தறிக்கு நடந்தாள். அவன் வந்து காதருகே நின்றான், வாயைத் திறந்தான். அவள் நிதானமாகத் தாரைக் கழற்றினாள்.

“சத்தமாச் சொல்லுங்க மேஸ்திரி, ஒண்ணும் கேக்கல” என்றாள்.

அவன் இன்னும் கிட்டே வந்து இன்னும் உரக்கக் கத்தினான். அவள் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள், புதுத் தாரை நாடாவில் செருகினாள். அவனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கழுத்து நரம்பு புடைக்க, மார்பு நிறையக் காற்றை இழுத்தான், அந்த மூச்சுக்கு நடுவில் ஊர்த் தறிகளெல்லாம் ஓசையற்றுப் போயின.

“அன்னிக்கு நூல் ரூமுக்குள்ள உன்னயப் புடிச்சப்போ அந்தக் கத்துக் கத்துனியே, ஒருத்தன் காதுலயாவது உழுந்துச்சா? இனி நீ சொல்லித்தான் உழுகப்போகுதா?”

விழுந்தது. பட்டறையில் விழுந்தது, தெருவில் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் விழுந்தது, தூளியில் கிடந்த பிள்ளைகளின் காதில்கூட விழுந்தது, வாய்க்கால் தாண்டி எங்கள் கரைக்கும் வந்து விழுந்தது. பாட்டுப் பாடுகிறவரின் பாட்டு பாதியில் நின்றது. வெளியே போகச் சென்னியப்பன் திரும்பியபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள், அவர்களில் காய்கறி வண்டிக்காரரும் இருந்தார், யாரும் வழி விடவில்லை. அவனை டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்துச் சுற்றி நின்றுகொண்டார்கள்.

எங்கள் கரையிலிருந்து நாங்களும் வாய்க்காலில் இறங்கி நனைந்துகொண்டே ஓடினோம். போய்ப் பார்த்தால் திடல் நிறைந்துவிட்டது, வசந்தாமணி நடுவில் நிற்கிறாள், ஊர் அவளைப் பார்த்து நிற்கிறது, பேச வேண்டிய நேரத்தில் பேச ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரமா, எத்தனை மணி நேரமா, அப்படியே வெயில் ஏறியது, இறங்கியது. பொங்கியண்ணன்தான் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். நம்ம ஊர் விஷயம், நமக்குள்ளேயே உட்கார்ந்து பேசிக்கலாம், ஸ்டேஷனுக்கெல்லாம் எதற்கு, ரெண்டு வீட்டு மானமும் இருக்கிறது என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாத்திரையின் வேளை முடிந்தது. ஊர்த் தறிகள் ஒவ்வொன்றாகச் சத்தத்தை எடுத்தன, சத்தம் ஏறியது, பொங்கியண்ணனின் குரலை மூடியது, எல்லோருடைய முகத்திலும் ஒரு நிம்மதி வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சரி, இனிக் கேட்காது, போகலாம் என்கிற நிம்மதி. கூட்டம் ஓரத்திலிருந்து கலைய ஆரம்பித்தது.

ருக்குமணியக்கா மட்டும் நகரவில்லை. கூட்டத்துக்கு நடுவே வந்து வசந்தாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், அவருடைய முகம் நனைந்திருந்தது. நான் அந்தப் பக்கம்தானே அம்மிணி நின்றுகொண்டிருந்தேன், சுவருக்கு அந்தப் பக்கம்தானே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு அவள் காதில் வாயை வைத்து, அந்த ஊரில் அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டார்.

“எதுக்கு அம்மிணி நீ மாத்தர சாப்புடற? இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு இன்னொருக்காப் போட்டுக்கிட்டு சொல்லு. சத்தம் நிக்கட்டும். நாங்க கேக்கறோம்.”

பின்னால் அக்கா எனக்குச் சொன்னதுதான் இது, அப்போது எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வசந்தாமணி சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அவள் இடுப்பிலிருந்த மாத்திரை அட்டையை எடுக்கவில்லை. நிமிர்ந்து நின்று, தறிச் சத்தத்துக்கும் மேலே, தை மாதத்தில் கத்தியதற்குப் பிறகு முதல் முறையாக முழுக் குரலையும் எடுத்தாள்.

“இன்னொண்ணு போடமாட்டேங்கா. அது எனக்குக் குடுத்த மருந்து. நான் பேசறதக் கேக்கணும்னா நீங்க போயித் தறிய நிறுத்துங்க.”

கலைந்த கூட்டம் நின்றது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, கரன்ட் போனால்கூடத் திட்டிக்கொண்டு டீசல் போட்டு ஓட்டுகிற ஊர் அது, சாவுக்குக்கூட அந்தத் தெருத் தறியை மட்டும் நிறுத்துகிற ஊர். ருக்குமணியக்காதான் முதலில் கிளம்பினார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேகமாக நடந்து பொங்கியண்ணனின் பட்டறைக்குள் போய்த் தன் தறியை நிறுத்தினார், வசந்தாமணியின் தறியை நிறுத்தினார், அடுத்ததையும் நிறுத்தினார். பாட்டுப் பாடுகிறவரும் அவர் பெண்டாட்டியும் ஓடினார்கள். மருமகள் ஒரு பட்டறைக்கும் மாமியார் எதிர்ப் பட்டறைக்கும் ஓடினார்கள். சம்பந்தம் முடித்துக்கொண்டு வாழ வந்த பெண்கள் ஒவ்வொரு வீட்டிலும் ஸ்விட்சைத் தேடினார்கள். தெருத் தெருவாக, தறி தறியாக, மேற்கிலிருந்து கிழக்காகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது, ஒவ்வொன்று குறைவதும் எங்கள் காதுக்குத் தனித்தனியாகத் தெரிந்தது, நாங்கள் விசிலடிக்காத குறைதான்.

கடைசியில் ஒரே ஒரு பட்டறைதான் ஓடிக்கொண்டிருந்தது, பொங்கியண்ணனின் பின்கட்டுப் பட்டறை, நூல் ரூமை ஒட்டியது. அதன் சாவி அவருடைய இடுப்பில் இருந்தது. ஊர் முழுக்க அவரைப் பார்த்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், எழுந்து போனார். அவர் போய்ச் சேரும்வரை அந்தத் தறிகள் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தன. பிறகு அவையும் நின்றன. நாடா நின்றது, மோட்டார் நின்றது, பெல்ட் நின்றது, துணி அங்கங்கே பாதியில் நின்றது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாகிவிட்டது, சொன்னபடி ஸ்டேஷனுக்குக் கூட வருவதற்காக அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தார். வசந்தாமணி கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். எல்லோரும் மண்ணில் உட்கார்ந்தார்கள், முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் பின்னால் இருப்பவர்களுக்காகக் குனிந்துகொண்டார்கள். அவள் கத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற குரலில், “தை மாசம், ஒரு மத்தியானம்” என்று ஆரம்பித்தாள்.

கடைசி வரிசையில், வாய்க்கால் ஈரம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்த எங்களுக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.